பிழையால் பிழைக்கும் வைரஸ்

தட்டம்மை ஒருமுறை வந்துபோனால் அநேகமாகத் திரும்ப வராது. ஃப்ளூ காய்ச்சல் மட்டும் ஏன் மறுபடி மறுபடி வருகிறது? மழைக்காலத்தில் வேலூர், ஆம்பூர் கிளினிக்குகளில் காத்திருப்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி.

ஃப்ளூ வைரஸின் மேலே ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நிற்கிறது. அதை வைத்துத்தான் நம் மூச்சுக்குழாய்ச் செல்களைப் பற்றுகிறது. நம் உடலில் உருவாகும் ஆன்டிபாடி அந்த முள்ளின் தலையில் ஒட்டி, பற்றவிடாமல் செய்துவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரருக்கு இது சட்டென்று புரியும்: லாஸ்ட் என்ற கால் அச்சின் மேல் இழுத்து ஒட்டிய ஷூ அந்த அளவுக்குத்தான் பொருந்தும், பாதம் கொஞ்சம் புடைத்தாலும் ஏறாது.

அதுபோல முள்ளின் வடிவம் மாறினால் பழைய ஆன்டிபாடி ஒட்டாது. வடிவம் எப்படி மாறுகிறது? இந்த வைரஸின் மரபுப்பொருள் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள். அவற்றை நகலெடுக்கும் என்சைமுக்குப் பிழைதிருத்தத் தெரியாது. பெரும்பாலான பிழைகள் வைரஸையே முடக்கிவிடும். எப்போதாவது ஒன்று முள்ளின் தலையை லேசாக மாற்றிவிடும். ஊரில் பலரிடம் பழைய வடிவத்துக்கு ஆன்டிபாடி இருப்பதால், மாறியதுதான் பரவும். வைரஸ் தந்திரம் செய்கிறது என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. அதற்குத் திட்டம் ஏதும் கிடையாது. எந்தப் பிழை நிலைக்கும் என்பதை முடிவுசெய்வது நம்முடைய எதிர்ப்புசக்திதான்.

இது சில்லறை மாற்றம். மொத்தமாக மாறுவதும் உண்டு. ஒரே செல்லில் இருவகை ஃப்ளூ வைரஸ்கள் புகுந்தால், துண்டுகள் கலந்து புதுக்கூட்டு பிறக்கலாம். 1957-இல் பரவிய ஃப்ளூ அப்படிப் பிறந்ததுதான். மனித வைரஸோடு பறவை வைரஸின் மூன்று துண்டுகள் சேர்ந்து, ஹெச்1என்1 வகை இருந்த இடத்தை ஹெச்2என்2 பிடித்தது. அந்த மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் வழியாகச் சென்னைக்கும் வந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலிருந்த இன்ஃபுளூயன்சா மையம் அதை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் கணக்கில் வந்த நோயாளிகளே 44 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். கணக்கில் வராதவர்கள் எத்தனையோ. 1968-இல் ஹெச்3என்2 வந்தபோது மேற்பரப்புப் புரதங்களில் ஹீமக்ளூட்டினின் மட்டும் புதிது. இன்னொரு மேற்பரப்புப் புரதமான நியூராமினிடேஸ் பழையதே. அதற்கு ஏற்கெனவே இருந்த எதிர்ப்பு பலரை ஓரளவு காத்தது என்கிறார்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டி. ஜேக்கப் ஜான் 1960-களில் வைராலஜி ஆய்வகம் தொடங்கியபோது வைரஸை வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இன்று மரபுவரிசையையே படித்துவிடலாம். உலகெங்கும் அப்படித் திரட்டுவதை வைத்து உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் தடுப்பூசிக்கான வைரஸ்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஊசி தயாராக ஆறு மாதம் போல ஆகும். அதற்குள் வைரஸ் இன்னொரு பக்கம் நகர்ந்துவிடுவதும் உண்டு.

எல்லாக் கிளையும் தப்பிப்பதில்லை. ஃப்ளூவின் பி வகையில் யமகாட்டா என்ற கிளை, கொரோனா கட்டுப்பாடுகள் தொடங்கிய 2020 மார்ச்சுக்குப் பிறகு இயற்கையில் உறுதியாகத் தென்படவே இல்லை. 2023 செப்டம்பரில், தடுப்பூசியில் இனி அது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு சொல்லிவிட்டது.