அப்பாவுக்கு மட்டும் ஊரடங்கு முடியவில்லை!

குச்சனூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 78 வயது. கொரோனா வரும்வரை மடை திறப்பதும், நாற்றங்காலைப் பார்த்துக்கொள்வதும் அப்பாவின் வேலை. இப்போது திண்ணையில் இருந்து எழவே சுவரைப் பிடிக்கிறார். ‘சத்து மாத்திரை ஏதாவது கொடுக்கலாமா?’ என்பது கேள்வி.

மாத்திரை இருக்கட்டும். அவர் எப்போது நடப்பதை நிறுத்தினார் என்று பார்ப்போம்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. அந்த நோய் வயதானவர்களைத்தான் அதிகம் கொன்றது; அதனால் அவர்களை வீட்டுக்குள் வைத்தது சரியான முடிவுதான். ஆனால், பேருந்து நின்றதும் சின்னமனூருக்கோ தேனிக்கோ போய் மாத்திரை வாங்குவது பெரும்பாடானது. திருப்பூரிலும் சென்னையிலும் இருந்த பிள்ளைகளால் வர முடியவில்லை. குச்சனூர் சனீஸ்வரர் கோயிலில் அந்த வருஷம் ஆடித் திருவிழாவும் இல்லை. சனிக்கிழமை தவறாமல் கோயில் வரை நடந்துபோய், நாலு பேரிடம் பேசிவிட்டு வந்த பெரியவர்களுக்கு அந்த நடையும் போச்சு, பேச்சும் போச்சு.

பிறகு அரசு ஊரடங்கைத் தளர்த்தியது. பல வீடுகள் தளர்த்தவில்லை. ‘வரப்பு வழுக்கும், நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்’ என்று அன்பாகத்தான் சொன்னோம். மண்வெட்டி கைமாறியது. அவரும் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தால் என்ன ஆகும்? நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்திருந்தது. வெறும் பத்தே நாள்! தசை போனால் தடுமாற்றம் வரும். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அந்தப் பயத்தில் இன்னும் நடக்க மாட்டார். பசியும் குறையும்.

இழந்த பலத்தை இந்த வயதிலும் ஓரளவு மீட்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண்புரை, எழுந்ததும் தலைசுற்றல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அவர் சரி என்றால், கெட்டியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முதலில் ஐந்து முறை போதும். பிறகு தெருமுனை வரை நடை. சாப்பாட்டில் பருப்பு, முட்டை, மொச்சை தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும்).

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை.

இன்னொன்று. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. திடீரென்று பேச்சில் குழப்பம், சாப்பாட்டை ஒதுக்குவது, காரணமில்லாமல் கீழே விழுவது ஆகியவையே முதல் அறிகுறியாக இருக்கலாம். ‘வயசாயிருச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள். பஸ் ஓடாத நாள் சொல்லிக்கொண்டு வராது.

கடைசியாக, அவருக்கு ஒரு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். மடை வேண்டாம், வழுக்கும். விதைநெல்லைக் காயவைத்துக் கிளறுவது, கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டுவது, கூலிக் கணக்கு எழுதுவது... எது அவருக்குப் பிடிக்கும் என்று அவரையே கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து, சுவரைப் பிடிக்காமல் எழுகிறாரா என்று எங்களுக்கு எழுதுங்கள்.