தமிழ் படித்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை உண்டா?

“ஊரிலே இருபது வருடம் தமிழ் படிப்பித்தேன். இங்கே பல்கலைக்கழகத்தில் ஏதும் கிடைக்குமா?” கனடாவுக்கு வந்து தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் எம்மவர் பட்டதாரிகள் பலரின் கேள்வி இது. இதற்கு ஒரு சொல்லில் பதில் கூற எம்மால் முடியாது.

முதலில், தமிழ்த்துறை என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே தமிழ் பெரும்பாலும் தெற்காசியவியல், வரலாறு, மொழியியல் ஆகிய துறைகளுக்குள்ளேயே இடம்பெறுகிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கென 2018இல் தொடங்கிய 30 இலட்சம் டொலர் நிதி சேகரிப்பு 2021இல் நிறைவேறியது. பெருமைதான். ஆனால் இருக்கை என்பது ஒரேயொரு பேராசிரியர் பதவி. அதற்குக் கலாநிதிப் பட்டமும் வெளிவந்த ஆய்வுகளும் வேண்டும்.

அதற்குக் கீழே ஒரு பாடத்தை ஒரு தவணைக்கு மட்டும் படிப்பிக்கும் ஒப்பந்த விரிவுரையாளர் வேலை உண்டு. ஆய்வு உதவியாளர் வேலையும் உண்டு: பேச்சைப் பதிவு செய்தல், கேட்டதைக் கேட்டபடி எழுதுதல், பழைய நூல்களை அட்டவணைப்படுத்தல். யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் காதில் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. ஆயினும் பேராசிரியர்கள் பெரும்பாலும் தங்கள் மாணவர்களையே இதற்கு எடுக்கிறார்கள். ஆகவே முதுமாணி வகுப்பில் சேர்வதே நல்ல வாசல் என்பது எமது கருத்து. ஒன்ராறியோவில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் மாகாண மாணவர் கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். இது எம்மவர் பலருக்குத் தெரியாது.

இனிச் சான்றிதழ்கள். பல்கலைக்கழகம் கேட்டால், அங்கீகாரம் பெற்ற நிறுவனமொன்றில் பட்டத்தை மதிப்பிட வேண்டியிருக்கும். 1972 முதல் 1978 வரை இலங்கையில் எல்லா வளாகங்களும் ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்ற ஒரே பெயரில் இயங்கின. யாழ்ப்பாண வளாகம் 1979இல்தான் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1978இல் அங்கு பட்டம் பெற்றவரின் பத்திரத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றிராது. இதை இரண்டு வரியில் விளக்கி இணைத்து விடுங்கள். இல்லாவிட்டால் பெயர் பொருந்தவில்லை என்று கோப்பு கிடப்பில் கிடக்கும். பண்டிதர் பட்டத்தையும் பலாலி, கோப்பாய் ஆசிரிய கலாசாலைப் பயிற்சியையும் பல்கலைக்கழகப் பட்டத்துக்குச் சமமாகக் கொள்வார்கள் என எதிர்பார்க்க வேண்டாம். தன்விபரக் கோவையில் மட்டும் அவற்றை விளக்கமாக எழுதுங்கள். படிப்பித்த அனுபவம் வீண்போகாது.

இடம்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்கள் படித்த பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு எழுதிப் பெறுபேற்றுப் பத்திரம் கேட்கலாம். ஆனால் அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் எழுதுவதற்கு முன் தங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரிலுள்ள உறவினரை அலுவலகத்துக்கு அனுப்புவதையும் யோசித்துச் செய்யுங்கள்.

நிரந்தர விரிவுரையாளர் பதவி விளம்பரங்களில், கனடியப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் முன்னுரிமை என்ற வரி இருக்கும். வதிவிட உரிமை கிடைத்தவர்கள் அதைக் கடிதத்தின் முதற் பந்தியிலேயே குறிப்பிடுங்கள். யூலையில் தொடங்கும் பதவிகளுக்கு முதல் வருடம் இலையுதிர் காலத்திலேயே பெரும்பாலும் விளம்பரம் வந்துவிடும். பரிந்துரைப்போர் மூவரைக் கேட்பார்கள். ஊரிலுள்ள பழைய பேராசிரியருக்கு இப்போதே ஒரு கடிதம் போட்டு வையுங்கள்.