தூக்கம் வரவில்லை என்னும் தொடர்

'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்கிறோம். இத்தொடரின் எழுவாய் 'நான்' அன்று, தூக்கமே எழுவாய். உறங்க வேண்டியவர் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறார். 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வலிக்கிறது' என்பனவும் இவ்வமைப்பினவே. நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதவற்றை இவ்வாறு சொல்வது தமிழின் இயல்பு. ('நான் தூங்குகிறேன்' என்றும் சொல்லலாமே எனில், உண்மையில் தூங்குபவர் அதைச் சொல்வதில்லை.) தூக்கமின்மைக்கு உளவியலார் அளிக்கும் மருத்துவமும் இவ்விலக்கணத்தோடு ஒத்தே நடக்கிறது. உறங்கியே தீரவேண்டும் என்று முயன்றால் விழிப்பே மிகும். தூக்கம் வருவதற்கு வழியமைப்பதே நம்மால் ஆவது.

முதலில் நோய் எது எனத் தெளிதல் வேண்டும். சிம்பாங் பூலாய் வட்டாரத்தில், தோட்டங்களில் மரம் சீவி வாழ்ந்த முதியோர் சிலர் இன்றும் விடியற்காலை 4 மணிக்கே விழித்துக்கொள்கின்றனர். வெயில் ஏறுமுன் பாலோட்டம் மிகுதியாதலின், இருளிலேயே எழுந்து பெரட்டுக்குச் சென்று பழகிய உடல் அது. இரவு 9 மணிக்கு உறங்கி, பகலில் சோர்வின்றி இருப்பாராயின் அவருக்கு நோயில்லை. வீட்டாரின் நேரத்தோடு அவர் நேரம் பொருந்தவில்லை, அவ்வளவே. மாறாக, உறங்க வாய்ப்பிருந்தும் வாரத்தில் 3 இரவுகளேனும் உறக்கம் கெட்டு, பகற்பணியும் பாதிக்கப்பட்டு, 3 மாதங்கள் நீடிப்பின் அதனை நாட்பட்ட தூக்கமின்மை என்பர்.

இரண்டு இரவு தூங்காத ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இழந்ததை ஈடுகட்ட 9 மணிக்கே படுக்கிறார். 12 மணிவரை புரள்கிறார். கடிகாரத்தைப் பார்த்து, நாளைய வகுப்பை எண்ணி அஞ்சுகிறார். சில வாரங்களில் படுக்கையைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. தூக்கத்தைக் கெடுத்த கவலை தீர்ந்த பின்னும் இப்பழக்கம் எஞ்சுகிறது. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த முறை இதனையே முறிக்க முனைந்தது: கண் சொக்கும்போது மட்டும் படுத்தல், உறக்கம் வராவிடில் எழுந்து வேறிடம் செல்லுதல், எப்படி உறங்கினும் ஒரே நேரத்தில் எழுதல். 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் குழுவினர் இன்னொன்றை முன்வைத்தனர். 9 மணி நேரம் படுத்து 6 மணி நேரமே உறங்குபவர், படுக்கையில் கழிக்கும் நேரத்தையும் 6 மணியாகச் சுருக்கி, உறக்கம் செறிந்தபின் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். முதல் வாரங்கள் கடினமானவை. பகலில் கண் அயரும். ஆகவே கனரக வண்டி ஓட்டுவோரும் வலிப்பு நோயுள்ளோரும் தாமாக இதனைத் தொடங்கலாகாது. இம்முறைகளோடு, 'இன்று தூங்காவிடில் நாளை கெட்டது' என்பது போன்ற எண்ணங்களைச் சீர்தூக்கும் பயிற்சியும் சேர்ந்ததே அறிவாற்றல் நடத்தை மருத்துவம். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னர் இதனையே அளிக்குமாறு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

எனினும் நம்மவர் மாத்திரை கேட்கத் தயங்குவதில்லை. உளவியலாரிடம் செல்லவே தயங்குகின்றனர். இதற்கும் ஒரு சொல் காரணம். சிம்பாங் பூலாய்க்கு வடக்கே, கிந்தா பள்ளத்தாக்கிலேயே, 1911இல் மனநல மருத்துவமனை திறக்கப்பட்ட ஊர் தஞ்சோங் ரம்புத்தான். அவ்வூர்ப்பெயரே ஏளனச்சொல்லாகி நாடெங்கும் பரவிவிட்டது. 'தூக்கம் வரவில்லை' என்று சொன்னால் அவ்வூருக்கு அனுப்பிவிடுவார்கள் என்னும் அச்சம், கேலியாகவேனும், நம் வீடுகளில் இருக்கிறது. அம்மருத்துவமனையின் இன்றைய பெயரிலுள்ள 'பஹாகியா' என்னும் மலாய்ச்சொல்லோ மகிழ்ச்சி எனப் பொருள்படும். நம் 'பாக்கியம்' பிறந்த வடசொல்லே அதற்கும் மூலம்.

தூக்கமின்மைக்கு உதவி தேடுபவர் நேரே அங்குச் செல்லவேண்டியதில்லை. முதலிற் செல்லவேண்டியது அருகிலுள்ள அரசு சுகாதார நிலையம். செல்லுமுன் இரண்டு வாரம் படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகலுறக்கம், அருந்திய தேநீர், காப்பி ஆகியவற்றைக் காலையில் எழுதிவைத்தல் நன்று. உரத்த குறட்டையும் மூச்சுத்திணறலும் உண்டெனில் அதனையும் சொல்லவேண்டும்; அது வேறு நோயாக இருக்கலாம். இரவில் எழுந்து கடிகாரம் பார்த்து எழுதவேண்டா; தோராயக் கணக்கே போதும்.