மூன்று மதிப்பெண் உயில்

சட்டக் கல்லூரி வகுப்பில் வாரிசுரிமை வெறும் பின்னக் கணக்காகத்தான் தொடங்குகிறது. அதன் ஒரு விடையில், பெற்ற தாய் பின்னுக்குத் தள்ளப்படுகிறாள்.

கரும்பலகையில் முதலில் எழுதப்படுவது ஒரு சாவு. ஒரு முஸ்லிம் பெண் இறந்துவிட்டாள். குழந்தைகள் இல்லை, பெற்றோர் இல்லை, சகோதரனும் இல்லை. கணவனும் உடன்பிறந்த இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள். ஹனஃபி சட்டப்படி யாருக்கு எவ்வளவு? கணவனுக்குப் பாதி. சகோதரிகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. கூட்டிப் பார்க்கும் மாணவர் திகைக்கிறார். மொத்தம் ஆறில் ஏழு பங்கு! சொத்தைவிடப் பங்கு அதிகம்.

இதற்கு விடை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் குறைத்தால் கணவனுக்கு ஏழில் மூன்று, சகோதரிகளுக்கு ஏழில் நான்கு. 'அவ்ல்' என்று இதற்குப் பெயர். பள்ளிக்கூடத்தோடு பின்னத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டதாக நினைத்துச் சட்டம் படிக்க வந்தவர்களை அது இங்கே மீண்டும் பிடித்துக்கொள்கிறது.

இந்தியாவில் எல்.எல்.பி. படிக்கும் யாரும் குடும்பச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. அது கட்டாயப் பாடம். இறந்தவர் இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா, பார்சியா என்று தெரியாமல் ஒரு கணக்கையும் தொடங்க முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ம் ஆண்டைச் சேர்ந்தது. சீக்கியர், சமணர், பௌத்தர்களும் அதில் அடக்கம். கிறிஸ்தவர்களுக்கும் பார்சிகளுக்கும் 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கோவாவுக்கு போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற மரபு. உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 முதல், பழங்குடியினர் நீங்கலாக மற்றவர்களுக்குப் பொது சிவில் சட்டம். இந்து சட்டம், முஸ்லிம் சட்டம் இரண்டுக்கும் மாணவர்கள் புரட்டும் பிரபலமான பாடநூல்களை எழுதிய முல்லா ஒரு பார்சி என்பது சுவையான விஷயம்.

உயில் எழுதுவதிலும் ஆளுக்கொரு விதி. முஸ்லிம் ஒருவர் வாய்மொழியாகவே உயில் சொல்லலாம். ஆனால் வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. கோவாவில் பிள்ளைகள் போன்ற கட்டாய வாரிசுகளுக்குச் சொத்தில் பாதியை ஒதுக்கியாக வேண்டும். இந்துவுக்கோ இப்படி ஒரு வரம்பும் இல்லை. தனக்குரியது முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம்.

பெண்களின் பங்கு எப்படி வளர்ந்தது என்பதையும் வகுப்பு வழக்கு வழக்காகச் சொல்லித்தருகிறது. திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்ணுக்கு, மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைத்துவந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது, அதற்குள் திருமணமாகிவிட்ட மகள்களை விட்டுவிட்டு. 2005-ல் நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இவ்வளவு தூரம் வந்தபின் மாணவர்கள் 15-வது பிரிவில் இடறி நிற்கிறார்கள்.

உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளுடன் அவனுடைய தாயும் முதல் வரிசை வாரிசு. ஒரு இந்துப் பெண் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் அடுத்த இடம் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்றவர்கள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்து, பிள்ளைகள் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பிப் போகும் என்று சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. அவள் சம்பாதித்த பணத்துக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. 1956-ல் பெண்ணின் சம்பளம் சட்டம் எழுதியவர்களின் கணக்கில் வரவில்லை போலும்.

இதன் விளைவைக் காட்ட 2009-ம் ஆண்டின் ஒரு தீர்ப்பு போதும். 1955-ல் திருமணமான ஒரு பெண். மூன்றே மாதத்தில் கணவன் பாம்பு கடித்து இறந்தான். புகுந்த வீடு அவளை விரட்டியது. பிறந்த வீடு படிக்கவைத்தது. வேலைக்குப் போனாள். 1996-ல் உயில் எழுதாமல் இறந்தபோது வங்கியிலும் பிராவிடன்ட் ஃபண்டிலும் கணிசமான பணம் இருந்தது. தாய் அதைக் கேட்டாள். இறந்த கணவனுடைய சகோதரியின் மகன்களும் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்த மகன்களுக்கே கொடுத்தது. வழக்கு கடினமானதுதான், ஆனால் அனுதாபத்தை வைத்துச் சட்டத்தின் வார்த்தைகளை மாற்ற முடியாது என்றது தீர்ப்பு.

இத்தகைய சொத்து விஷயத்தில் 15-வது பிரிவைத் திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 207-வது அறிக்கையில் 2008-லேயே பரிந்துரைத்திருந்தது. பிரிவு திருத்தப்படவில்லை. அதை எதிர்த்த வழக்கு ஒன்றில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லுமா என்ற கேள்விக்குள் போகவில்லை. மாறாக, எல்லாப் பெண்களும், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. நாட்டின் உச்சபட்ச கோர்ட்டே, சட்டத்திடமிருந்து தப்பிக்கப் பெண்களுக்கு வழி சொல்லவேண்டியிருக்கிறது.

வழி ஒன்றும் கடினமானதல்ல. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதுபவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பிறகு வழக்கு வந்தால் உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும் என்பதால், தன்னைவிட வயது குறைந்தவர்களைச் சாட்சியாக வைப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் உயில் இருபுறமும் கூர் உள்ள கத்தி. சட்டம் மகளுக்குக் கொடுத்த பங்கை, தன் பங்கைப் பொறுத்தவரை ஒரு தந்தை உயில் மூலமே பறித்து மகனுக்குக் கொடுத்துவிடலாம். சந்தேகச் சூழல் இருந்தால் உயிலைக் கொண்டுவருபவரே அதைக் களைய வேண்டும் என்று 1958-ல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். எழுதியவர் படுக்கையில் நினைவு தப்பிக் கிடந்தாரா? பலன் பெறுபவரே முன்னின்று எழுதவைத்தாரா? கோர்ட் கேட்கும் கேள்விகள் இவை. தன் விருப்பப்படி எழுதிய உயிலைப் பிறகு யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வது? அதற்கான பதில், உடல்நலம் நன்றாக இருக்கும்போதே எழுதிவைப்பதுதான்.

பார் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் உயில் எழுதும் பயிற்சியும் உண்டு. விற்பனைப் பத்திரம், குத்தகைப் பத்திரம், தானப் பத்திரம் என்று நீளும் 15 பத்திரப் பயிற்சிகளுக்கு மொத்தம் 45 மதிப்பெண். ஆக, ஒரு உயிலுக்கு மூன்று. இல்லாத வீட்டையும் இல்லாத நகையையும் கற்பனை வாரிசுகளுக்கு எழுதிவைத்து, இரண்டு வகுப்புத் தோழர்களைச் சாட்சியாக்கி, மாணவி அந்த மூன்று மதிப்பெண்ணை வாங்கிவிடுகிறாள்.

சில ஆண்டுகளில் அவளுக்கும் சம்பளம் வரும், பிராவிடன்ட் ஃபண்ட் சேரும். அப்போது அதே பயிற்சியைச் சொந்தப் பெயரில் இன்னொரு முறை எழுதினால், 15-வது பிரிவு அவள் வீட்டு வாசற்படி ஏறாது.