கியர் பாக்ஸுக்குள் தண்ணீர்: எந்தத் தண்ணீர், யார் பொறுப்பு?

ஆட்டோமேட்டிக் காரில் கியரை மாற்றும் வேலையை எண்ணெய்தான் செய்கிறது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் அது வால்வுகள் வழியே பாய்ந்து கிளட்ச் தட்டுகளை நெருக்குகிறது. டார்க் கன்வர்ட்டருக்குள் சுழன்று இன்ஜினின் விசையைக் கடத்துகிறது. தட்டுகள் உரசும்போது எழும் சூட்டையும் சுமந்து வெளியேற்றுகிறது. இத்தனை வேலையும் ஒரே திரவத்தின் தலையில் இருப்பதால், அதில் சிறிதளவு தண்ணீர் கலந்தாலும் கியர் பாக்ஸ் முழுவதும் கெடலாம்.

முதலில் அடி வாங்குவது கிளட்ச் தட்டுகள். எஃகுத் தட்டின்மேல் காகித நாரால் ஆன உராய்வுப் பட்டை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அந்த நார் தண்ணீரை உறிஞ்சி உப்பும், பசை விடும், பட்டை உரிந்து துகளாகும். துகள் வால்வுகளின் நுண்ணிய துளைகளை அடைக்கும். பேரிங்குகளிலும் சோலனாய்டுகளிலும் துரு ஏறும். புகுந்தது வெறும் தண்ணீராக இல்லாமல் ரேடியேட்டர் கூலண்டாக இருந்தால், அதிலுள்ள கிளைக்கால் இந்தச் சேதத்தை இன்னும் விரைவுபடுத்தும்.

மதுரையில் இதற்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று மழை. 2024 அக்டோபர் 25 அன்று நகரில் ஒரே நாளில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கொட்டியது. பந்தல்குடி வாய்க்கால் பெருகி செல்லூர்ப் பகுதித் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. மணிநகரம் கர்டர் பாலத்தின் அடியில் தண்ணீர் தேங்குவதற்கு அவ்வளவு பெரிய மழைகூடத் தேவையில்லை. கியர் பாக்ஸின் மேற்பகுதியில் காற்று வந்துபோக ஒரு சிறு மூச்சுத் துளை இருக்கும். ஓடிச் சூடேறிய கியர் பாக்ஸ் குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது அந்தத் துளையோ அதன் குழாய் முனையோ நீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். தேய்ந்த ஆயில் சீல், சரியாக மூடாத டிப்ஸ்டிக், இன்ஜின் அறைக்குள் அழுத்தமாகப் பீய்ச்சும் வாட்டர் வாஷ் ஆகியவையும் இதே பாதைக்குத் துணைபோகும்.

இன்னொரு வாசல் ரேடியேட்டர். பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. வேறு பலவற்றில் கியர் பாக்ஸின்மேல் தனிக் கூலராகப் பொருத்தப்பட்டிருக்கிறது. எப்படியிருந்தாலும் எண்ணெய்க்கும் கூலண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய உலோகச் சுவர்தான். கூலண்ட் குறைந்தால் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றிவிடும் பழக்கம் இந்தச் சுவருக்கு எமன். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது உலோகத்தை அரிக்கும், உள்ளே சுண்ணாம்பாகப் படியும். சுவரில் ஓட்டை விழுந்தால், இன்ஜின் ஓடும்போது அழுத்தம் கூடிய எண்ணெய் கூலண்டுக்குள் போகலாம். வண்டியை நிறுத்தியதும் கியர் பம்ப் நின்றுவிடும், சூடான ரேடியேட்டரிலோ அழுத்தம் குறையாது. அப்போது கூலண்ட் எண்ணெய்க்குள் திரும்பும்.

பராமரிப்பில் குறையே இல்லாத வண்டியிலும் இது நேரலாம். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் விரிசல் விட்டு இதே கோளாறு வந்தது. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். ரேடியேட்டருக்கான வாரண்டி நீட்டிக்கப்பட்டு, வழக்கு சமரசத்தில் முடிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஓட்டியவரின் கவனக்குறைவு போலத் தெரிந்தது, சேர்த்துப் பார்த்தபோது தயாரிப்புக் குறையாகத் தெரிந்தது.

அறிகுறிகள் மெதுவாகத்தான் வரும். டி-யில் போட்ட பிறகு வண்டி நகரத் தாமதிக்கும். சீரான வேகத்தில் போகும்போது, சாலையில் வரிசையாகச் சிறு மேடுகள் இருப்பதுபோல் வண்டி நடுங்கும். இன்ஜின் இரையும், வேகம் ஏறாது. எண்ணெயை எடுத்துப் பார்த்தால் தெளிந்த சிவப்புக்குப் பதிலாகப் பால் கலந்த ரோஸ் நிறத்தில் நுரையோடு இருக்கும், அளவும் கூடியிருக்கும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஆட்டோமேட்டிக்கின் வேறு வகைகளான சி.வி.டி., டி.சி.டி. ஆகியவற்றில், சி.வி.டி. எண்ணெய்களில் பச்சை நிறத்தவையும் உண்டு, டி.சி.டி. எண்ணெய் மஞ்சளாகவும் இருக்கும். அவற்றில் தெளிவு போய்க் கலங்கியிருப்பதுதான் அடையாளம். இன்ஜின் ஆயில் மூடியில் வெள்ளைப் பிசுக்கு இருப்பது வேறு கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஏ.எம்.டி. வண்டிகளில் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். பொதுவாக அதற்கு ரேடியேட்டர் இணைப்பு கிடையாது, வெளித்தண்ணீரை மட்டும் சந்தேகித்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத அளவைக் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டால், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும். இல்லாவிட்டால் அமைதியாகப் பரவும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீரைக்கூட இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். தெறிக்கும் என்பதால் கண்ணாடி அணிந்து மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை இது. துல்லியமான அளவுக்கு ஆய்வகத்தில் கார்ல் ஃபிஷர் முறை இருக்கிறது. கிளைக்கால், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால், வந்தது கூலண்டா மழைநீரா என்பது துலங்கும். வண்டியிலும் இதற்குச் சான்று கிடைக்கும். கூலண்ட் டாங்கியில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, வெளியே ஒழுகாமலே அளவு குறைந்துகொண்டு வந்தாலோ கூலரில் கசிவு இருக்கலாம். அழுத்தச் சோதனை அதை உறுதிசெய்யும்.

எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு இத்தனை முக்கியத்துவம் தரக் காரணம், செலவு யாருடையது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. வெள்ளநீர் என்றால் காப்பீடு. கூலண்ட் என்றால் தயாரிப்பாளரின் வாரண்டி அல்லது கடைசியாக ரேடியேட்டரைக் கழற்றிய ஒர்க்‌ஷாப். இரண்டையும் பிரித்துச் சொல்லும் சாட்சி அந்தப் பழைய எண்ணெய். அதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் முதல் வேலையாகக் கீழே கொட்டிவிடுகிறார்கள்.

எனவே எண்ணெயைக் கொட்டும் முன்பே, வண்டிக்காரர் இருக்கும்போது இரண்டு உலர்ந்த கண்ணாடிப் பாட்டில்களில் எண்ணெய் மாதிரி எடுத்து, மூடி ஒட்டி, தேதியும் வண்டி எண்ணும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஜாப் கார்டில் நிறம், அளவு, கிலோமீட்டர் ஆகியவை பதிவாக வேண்டும். படம் எடுத்துக்கொள்வது நல்லது. நீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவும் கூடாது, ஓட்டிப் பார்க்கவும் கூடாது. ரெக்கவரி வண்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். மூழ்கிய பின் ஸ்டார்ட் செய்ததே சேதத்துக்குக் காரணம் என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே இடம் கொடுக்கும்.

சீக்கிரம் பிடிபட்ட வெறும் தண்ணீர் என்றால், ஃபில்டரை மாற்றி, எண்ணெயை இரண்டு மூன்று முறை வடித்து நிரப்பிப் பிழைக்க வைக்கலாம். ஒருமுறை வடித்தால் பாதி எண்ணெய்கூட வராது. மிச்சம் டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். கூலண்ட் கலந்து ஓடிய கியர் பாக்ஸைப் பிரித்துத் தட்டுகளை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. கசிந்த கூலரை மாற்றாமல் எதைச் செய்தாலும் அதே கதைதான்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளம் அடங்கும். ஆனால் இயந்திரக் கோளாறும் பின்விளைவுச் சேதமும் விலக்கப்பட்டிருக்கும். இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் திட்டத்தில் கியர் பாக்ஸும் அடங்குமா என்பதை பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றக் கூடாது. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். 50 லட்சம் ரூபாய் வரை அங்கே விசாரிக்கப்படும், கட்டணம் இல்லை.

வாரண்டி மறுப்புக்கும் சேவைக் குறைபாட்டுக்கும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் தொடங்கலாம். தீராவிட்டால், செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். வண்டியைக் கோவையில் வாங்கியிருந்தாலும், மதுரையில் குடியிருப்பவர் மதுரையிலேயே மனுச் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 400 ரூபாய். பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவரும் சட்டப்படி நுகர்வோரே. பொருளின் குறையைச் சோதனை செய்துதான் அறிய முடியும் என்றால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எடுத்து வைத்த இரண்டாவது பாட்டில் அப்போது உதவும். பில் தர மறுப்பதே இச்சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. சாலையோர மெக்கானிக்குக்கும் அது பொருந்தும்.

வெளியில் ஒருமுறை பழுது பார்த்ததால் வாரண்டியே போயிற்று என்று சொல்லப்பட்டால் உடனே நம்பிவிட வேண்டியதில்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்தது, வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று மிரட்டியது போன்ற நடைமுறைகளுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. இருந்தாலும் ஆணையத்தின் நிலைப்பாடு என்ன என்பது அதில் தெளிவு.

பழைய கார் வாங்குபவருக்கு ஆபத்து வேறு விதம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டி கழுவித் துடைக்கப்பட்டு எந்த ஊர்ச் சந்தைக்கும் வரலாம். சீட் அடித் தண்டவாளத்தில் துரு, பெல்ட்டை முழுக்க இழுத்தால் தெரியும் சேற்றுக் கறை, காப்பீட்டுக் கோரிக்கை வரலாறு ஆகியவற்றோடு, முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியைத் தூக்கி நிறுத்திக் கியர் எண்ணெயையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பல புது வண்டிகளில் இதற்கு டிப்ஸ்டிக் கிடையாது; கீழேயுள்ள ப்ளக்கைத் திறந்துதான் பார்க்க முடியும். வண்டி வெள்ளத்தில் நின்றதில்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொண்டால், பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் அதுவும் ஆவணமாகும்.