குளியலறைக்கு நிறம் தேடுவோர் கவனத்துக்கு

புதிதாக வீடு கட்டுவோர் கடைசியாக எடுக்கின்ற முடிவுகளுள் ஒன்று, குளியலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் பதிப்பது என்பதாகும். அத்திவாரம், சுவர், கூரை என்று கையிலிருந்த பணமும் மனதிலிருந்த பொறுமையும் கரைந்துபோன பின்னரே இந்தக் கேள்வி எழுகின்றது. அதனால் கண்டி நகரிலுள்ள ஏதாவதொரு காட்சியறைக்குச் சென்று, அரைமணி நேரத்தில், பளபளப்பு மிக்க ஒன்றைச் சுட்டிக்காட்டிவிட்டு வந்துவிடுகின்றோம். அந்த அரைமணி நேரத் தெரிவோடு அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் வாழவேண்டியிருக்கும் என்பதை அவ்வேளையில் எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைப் பெரிதும் பாதித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இழந்த வீட்டை மீளக் கட்டுவோரும், சேதமுற்றதைத் திருத்துவோரும் நம்மிடையே இருக்கின்றனர். தோட்டப்புறங்களில் லயன் அறைகளிலிருந்து தனி வீடுகளுக்குச் செல்கின்ற குடும்பங்களில் சிலவற்றுக்கு, வீட்டுக்குள்ளேயே சொந்தக் குளியலறை என்பது இதுவே முதல் முறை. எனவே இவ்விடயத்தை வெறும் அலங்காரப் பேச்சாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது.

நமது உறவினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் அனுபவத்தை இங்கு குறிப்பிட விரும்புகின்றோம். வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் ஆசையோடு அனுப்பிய பணத்தில் அவரது குளியலறை புதுப்பிக்கப்பட்டது. தரை, சுவர், குளிக்கும் பகுதியைப் பிரிக்கின்ற நான்கு அங்குலப் படி அனைத்துமே ஒரே கருஞ்சாம்பல் நிறம். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினர். மூன்றாவது மாதத்தில், விடியற்காலை வேளையில், அந்தப் படி இருப்பது தெரியாமல் காலை வைத்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதன் பின்னர் அவர் யாருடைய துணையுமின்றி நடக்கவில்லை. "தரை எங்கே முடியுது, படி எங்கே தொடங்குதெண்டே எனக்குத் தெரியேல்ல" என்று அவர் கூறியது இன்னும் நம் காதில் ஒலிக்கின்றது.

இது கவனக்குறைவன்று; கண்ணின் இயல்பு. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் நிறம் கொள்கின்றது, கண்மணி சுருங்குகின்றது. 20 வயது இளைஞரின் விழித்திரையை அடைகின்ற ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதானவரின் விழித்திரையை அடைகின்றது என்பது கண் ஆய்வாளர்களின் கணிப்பு. நீலத்தையும் பச்சையையும், கருநீலத்தையும் கறுப்பையும் வேறுபடுத்துவது முதியவர்களுக்குக் கடினமாகின்றது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து உயிரிழப்பதாகவும், அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இலங்கையிலோ 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே எட்டுப் பேரில் ஒருவர் 60 வயதை எட்டியிருந்தார். ஆகவே குளியலறை நிறத்தைத் தெரிவு செய்யும்போது வீட்டின் இளையவரின் இரசனையோடு, வீட்டின் மூத்தவரின் கண்ணையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

இதற்கு வழி என்ன? தரை ஒரு நிறம், சுவர் இன்னொரு நிறம், படியின் விளிம்பு மூன்றாவது நிறம் என்பதே அடிப்படை. ஆனால் நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது. வெளிச்சத்தை அவை திருப்பியனுப்பும் அளவும் வேறாக இருக்கவேண்டும். முழுக் கறுப்பை 0 என்றும் முழு வெண்மையை 100 என்றும் கொண்டால், அடுத்தடுத்துள்ள இரு பரப்புகளுக்கிடையே குறைந்தது 30 புள்ளி வேறுபாடு இருப்பது நல்லது என்று பிரித்தானியக் கட்டட நியமங்கள் கூறுகின்றன. இதை அளக்கக் கருவி தேவையில்லை. தெரிவு செய்த இரண்டு டைல்களையும் பக்கத்தில் வைத்து, கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நேரில் எவ்வளவு வேறுபட்டாலும், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் முதியவரின் மங்கிய பார்வைக்கும் அவை ஏறத்தாழ அப்படித்தான் தெரியும். கொமட் வெள்ளையாக இருந்தால் அதன் பின்சுவரும் தரையும் வெள்ளையாக இல்லாதிருப்பது நன்று.

அடுத்தது வழுக்கல். நிறத்தை விடவும் மேற்பரப்பே இங்கு முக்கியமானது. சுவருக்கு ஏற்ற பளபளப்பான டைல் தரைக்கு ஏற்றதன்று. தரை டைல் பெட்டிகளிலோ அல்லது அவற்றின் விவரக் கையேட்டிலோ ஆர் 9 முதல் ஆர் 13 வரையிலான குறியீட்டைக் காணலாம். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். ஆயினும் இது காலணியோடு நடப்பவரை வைத்துச் செய்யப்படும் பரிசோதனையாகும். ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பதற்கு ஏ, பி, சி என்று வேறொரு தரப்படுத்தல் உண்டு. குளிக்கும் இடத்துக்குக் குறைந்தது பி வேண்டும். விற்பனையாளரிடம் இதைக் கேட்டுப் பெறுவது வாடிக்கையாளரின் உரிமையாகும். குளிக்கும் பகுதிக்கு இரண்டடிச் சதுர டைலை விடச் சிறிய டைல்கள் மேலானவை. இடையிடையே வருகின்ற சாந்துக் கோடுகள் காலுக்குப் பிடிமானம் தருவதோடு, நீர் வழிந்தோடும் சரிவை அமைப்பதும் மேசனுக்கு இலகுவாகின்றது.

மூன்றாவதாக, நிறத்தைத் தீர்மானிக்குமுன் வீட்டுக்கு வரும் நீரைப் பார்க்கவேண்டும். மகாவலி நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வருகின்ற நகர்ப்புற வீடுகளில் இச்சிக்கல் குறைவு. ஆனால் திகன, குண்டசாலைப் பக்கங்களில் நிலத்தடியில் சுண்ணமும் மக்னீசியமும் கலந்த டொலமைற் பாறை உண்டு. அத்தகைய பாறையூடாக ஊறிவருகின்ற கிணற்று நீர் கடினத்தன்மை கொண்டது. அது காய்கின்ற இடமெல்லாம் வெண்படலம் விட்டுச்செல்லும். கறுப்பு, கருநீல டைல்ஸில் அப்படலம் சில வாரங்களிலேயே பளிச்செனத் தெரியும். அதை நீக்க அமிலம் ஊற்றித் தேய்த்தால் சாந்துக் கோடுகள் அரித்துப்போகும். இரும்புச் செறிவு மிக்க கிணற்று நீரிலோ நிலைமை நேர்மாறானது. அது செம்பழுப்புக் கறையை விடுவதால் தூய வெண்மை அங்கு சில மாதங்களே நிலைக்கும். முன்னையதற்கு வெளிர்சாம்பல் அல்லது பாலேட்டு நிறமும், பின்னையதற்கு மணல் அல்லது இளம்பழுப்பு நிறமும் பொருந்தும். இரு டைல்களுக்கிடையே இடும் சாந்து எந்நீருக்கும் தூய வெள்ளையாக இருக்கவேண்டாம். கண்டியின் ஈரக் காற்றில் அதில் பூஞ்சணம் பிடிப்பது உறுதி.

வெளிச்சத்தையும் மறந்துவிடலாகாது. மலைச்சரிவை வெட்டிக் கட்டப்படுகின்ற நமது வீடுகளில் குளியலறை பெரும்பாலும் மண்திட்டை நோக்கிய பின்புறத்திலேயே அமைகின்றது. சிறு ஜன்னலூடாக வருவது அரைகுறை வெளிச்சமே. காட்சியறையின் பிரகாசமான மின்குமிழ்களின் கீழ் அழகிய மரக்கபில நிறமாகத் தெரிந்தது, அங்கே இருட்டாகத் தெரியும். எனவே ஒரே ஒரு டைலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அது பதிக்கப்படவுள்ள இடத்தில் வைத்து, நீரூற்றி, காலையிலும் மாலையிலும் இரவிலும் பாருங்கள். மழைக்காலத்தில் அட்டையும் பூரானும் உள்ளே வருகின்ற பகுதிகளில், தரை வெளிர்நிறமாக இருப்பது அவற்றை உடனே காண உதவும் என்பதையும் அனுபவசாலிகள் அறிவர்.

டைலின் நிறம் சூளையில் பிறப்பது. கோபால்ட் நீலத்தையும், இரும்பு பழுப்பையும், குரோமியம் பச்சையையும் தருகின்றன. சுமார் 1,100 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுடப்படுவதால், ஒரே பெயர் கொண்ட நிறமும் ஒவ்வொரு சூட்டிலும் சற்றே வேறுபடும். பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் நிறத்தொகுதி எண் இதற்காகவே. எல்லாப் பெட்டிகளிலும் அவ்வெண் ஒன்றாக இருக்கின்றதா என்று பார்த்து, தேவைக்கு மேல் பத்து வீதம் கூடுதலாக வாங்கி வைப்பது அறிவுடைமை. அந்நியச் செலாவணி நெருக்கடியையொட்டி 2020 முதல் சில ஆண்டுகள் டைல்ஸ் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உடைந்துபோன ஒரு டைலுக்கு இணை தேடி அலைந்தவர்கள் அநேகர். உள்நாட்டிலேயே டைல்ஸ் உற்பத்தி நடைபெறுகின்றது. மட்பாண்டக் கைத்தொழிலுக்கு வேண்டிய பெல்ட்ஸ்பார் நமக்கு அயலிலுள்ள மாத்தளை மாவட்டத்தின் ஓவலவில் அகழப்படுகின்றது. உள்நாட்டு உற்பத்தியைத் தெரிவு செய்தால் பின்னாளில் இணை கிடைக்கும் வாய்ப்பு சற்று அதிகம்.

இவையெல்லாம் வசதி படைத்தோருக்கு மட்டுமான யோசனைகள் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. சுவர் முழுவதும் டைல்ஸ் பதிக்க இயலாதவர்கள், குளிக்கும் பகுதியில் மாத்திரம் பதித்து எஞ்சியதற்கு வெளிர் வர்ணம் பூசலாம். சீமெந்துத் தரையோடு நிறுத்திக்கொள்வோர், அதை மினுக்காமல் சற்றுச் சொரசொரப்பாக விட்டு, படியின் விளிம்பில் மட்டும் மாறுபட்ட நிறத்தில் ஒரு வரிசை டைல் பதிக்கலாம். அந்த ஒரு வரிசைக்கு ஆகும் செலவு சொற்பம். நமது உறவினர் வீட்டில் இப்போது அப்படியொரு வெண்ணிற வரிசை பதிக்கப்பட்டிருக்கின்றது. அதைச் சொல்லிக்கொடுக்க அவர் விழவேண்டியிருந்தது என்பதே நமது வருத்தம்.

வீட்டைக் கட்டுவோரும், டைல்ஸ் விற்போரும், அதைப் பதிக்கின்ற மேசன்மாரும் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேட்டுக்கொள்ள வேண்டுமென்பது நமது வேண்டுகோள். விடியற்காலையில், கண்ணாடி அணியாமல், இந்த அறைக்குள் முதலில் கால்வைக்கப் போகின்றவர் யார்? அவருக்குத் தெரிகின்ற நிறமே அந்தக் குளியலறைக்கு உகந்த நிறமாகும்.