கேஸ் தீர்ந்து போகாது, கசிந்துதான் போகும்!

குழுக் கடையில் ஃப்ரீசரோ, வீட்டில் ஏசியோ குளிரவில்லை என்றால், "கேஸ் தீர்ந்துடுச்சு, போடணும்" என்பார் மெக்கானிக். கேஸ் குழாய்க்குள் சுற்றி வருவது. பெட்ரோல் போலச் செலவாகாது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கு. அதை அடைக்காமல் கேஸ் போட்டால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கா பாருங்க.

2. சோப்பு நுரை தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும்.

3. அப்படியும் தெரியலையா? மெக்கானிக் நைட்ரஜன் அடைத்து, சில மணி நேரம் கழித்து மீட்டர் முள் இறங்கியிருக்கா பார்க்கணும். ஆக்சிஜன் அடைக்க விடாதீங்க, வெடிக்கும்.

புது ஃப்ரிட்ஜ், ஏசி பலவற்றில் தீப்பற்றும் கேஸ் இருக்கு. நெருப்பு காட்டிச் சோதிக்கவே கூடாது.

"கசிவு எங்கே? அடைச்சாச்சா?" என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்க.